பவழி வரைந்த காடு

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஈர மணலில் வளை தோண்டிப் பவழி என்றொரு நண்டு வாழ்ந்து வந்தது. மணலில் கிடைக்கும் இரையைத் தின்றுவிட்டு, மீதி மணலைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டிப் போடுவது அந்த நண்டுகளின் வழக்கம். மற்ற நண்டுகள் உருண்டைகளைக் கண்ட இடத்தில் போட்டன. பவழி மட்டும் அவற்றை வளைத்து வளைத்து அடுக்கிப் படம் போட்டது.

ஒருநாள் பவழி ஒரு கனவு கண்டது. கடலுக்கு அடியில் பெரிய காடு! மரத்துக்கு மரம் பழங்களைப் போல நிலாக்கள் தொங்கின. பவழி கிளையில் ஏறி ஒரு நிலாவைத் தொட்டது. சில்லென்று இருந்தது. உடனே விழித்துக்கொண்டது.

வெளியே வந்து அந்தக் காட்டை அப்படியே மணலில் வரைந்தது. சற்று நேரத்தில் அலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

பக்கத்து வளையில் இருந்த சோழி என்ற நண்டிடம் பவழி கேட்டது: "சோழி, நான் கையால் செய்த படம் போய்விட்டது. கண்ணை மூடிப் பார்த்த காடு இன்னும் போகவில்லை. அப்படியென்றால் எது நிஜம்? எது கனவு?"

"போடி! பசி வந்தால் தானாகத் தெரியும்!" என்று சிரித்தது சோழி.

பவழிக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தபடியே நடந்து, வளையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்துவிட்டது. வாய்விட்டும் புலம்பியது. அதை நெடுங்காலன் என்ற நாரை கேட்டுக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உன் சந்தேகம் சரிதான்" என்றது நாரை அன்பாக. "இந்த மணல், இந்தக் கடல் எல்லாம் கனவு. நீ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாய். விழித்தால் அந்தக் காட்டில் இருப்பாய்!"

"எப்படி விழிப்பது அண்ணே?"

"என் அலகால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். கனவில் யாருக்காவது வலிக்குமா? கிட்டே வா!"

"போகாதே பவழி! ஓடி வா!" என்று தூரத்திலிருந்து சோழி கத்தியது.

"அந்தக் குரலும் கனவுதான்!" என்றது நாரை.

நிலாக்கள் பவழியின் கண்முன் ஆடின. ஓரடி எடுத்து வைத்தது. இன்னும் ஓரடி. அப்போது அண்ணாந்து பார்த்தது. நாரையின் தொண்டை எச்சிலை விழுங்கி ஏறி இறங்கியது. வயிறு ஒட்டிப் போயிருந்தது.

பவழி நின்றது. "அண்ணே, இது என் கனவென்றால் நீங்களும் கனவுதானே?"

"ஆமாம், ஆமாம்!"

"நான் விழித்தால் நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்களே! அப்புறம் என்னை எழுப்ப உங்களுக்கு ஏன் இத்தனை அவசரம்?"

பதிலுக்கு நாரையின் அலகுதான் பாய்ந்து வந்தது! பவழி பக்கவாட்டில் ஒரே ஓட்டமாக ஓடி வளைக்குள் விழுந்தது. ஒரு கால் மட்டும் நாரையின் அலகோடு போய்விட்டது.

"இப்போதாவது தெரிந்ததா, எது நிஜமென்று?" சோழி பதற்றத்தோடு கேட்டது.

"இல்லை. ஆனால் நாரைக்குப் பசி என்று தெரிந்தது" என்றது பவழி, வலியைப் பொறுத்துக்கொண்டு.

காயம் ஆறியதும் பவழி மறுபடி வெளியே வந்தது. வளை வாசலை விட்டு நகராமலே ஒரு படம் போட்டது. ஒரு பக்கம் கடற்கரை, ஒரு பக்கம் நிலாக்காடு. எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. கரையில் இருந்த நண்டுகளெல்லாம் இரை தேடுவதை மறந்து அதைச் சுற்றி நின்றன.

"நடுவில் கோடே இல்லையே!" என்றது சோழி.

"எனக்குத் தெரியாத கோட்டை நான் எப்படிப் போடுவது?" என்றது பவழி.

எது கனவு, எது நிஜம் என்ற சந்தேகத்தை எத்தனை காலம் வேண்டுமானாலும் மனத்தில் வைத்திருக்கலாம். ஆனால் அதைத் தீர்த்து வைக்கிறேன் என்று வருகிறவருக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.