காணாமல் போன கூழாங்குளத்து வியர்வை

கூழாங்குளம் செஞ்சுடர் கபடிக் குழுவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்கிறேன்.

முதலாவது, மாசியில். "எல்லைக்கோட்டை மிதித்தால் ஆள் அவுட்" என்று நடுவர் எச்சரித்தார். நம் ஏழு பேரும் கட்டுப்பாடானவர்கள். எதற்கு வம்பு என்று கடைசிவரை மைதானத்துக்குள்ளேயே போகவில்லை. தோற்றதாக அறிவித்தார்கள்.

இரண்டாவது, பங்குனியில். "பிடித்தவனை விட்டுவிடாதீர்கள்" என்றார் பயிற்சியாளர். பிடித்தார்கள். விசில் ஊதியும் விடவில்லை. அவனைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, கறிச்சோறு ஊட்டி, மூன்று நாள் பிடித்தபடியே வைத்திருந்தார்கள். போலீஸ் வந்தது. வழக்கில் கறிச்சோற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மூன்றாவது, சித்திரையில். "ஏழு பேர் உடையிலும் அணுவளவும் வித்தியாசம் கூடாது" என்று நோட்டீஸ். குழுத்தலைவன் சடையாண்டியின் பனியனில் இடது அக்குளுக்குக் கீழே எலி கடித்த ஓட்டை. மற்ற ஆறு பேரும் அதே இடத்தில் அதே அளவுக்குக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். கந்தல் என்று துரத்திவிட்டார்கள். ஒழுங்குக்கு இந்த நாட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

நான்காவது, வைகாசியில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தளவாய்குளத்தோடு போட்டி. அது சடையாண்டியின் மாமனார் ஊர். "உங்க மருமகன் தலைவனா நிக்கிறதைக் கண்ணால பாருங்க" என்று மாமனாரைத் தாம்பூலம் வைத்து அழைத்திருந்தான்.

ஆனால் செஞ்சுடரில் தலைமை சும்மா வந்துவிடாது. "வியர்வை சிந்தியவனுக்கே தலைமை" என்று முதல் மாநாட்டில் தீர்மானம் எழுதிக் கொடுத்தவன் நான். மற்ற இயக்கங்கள் தீர்மானத்தை அச்சடித்துவிட்டு மறந்துவிடும். கூழாங்குளத்தார் மறக்கவில்லை. போட்டியன்று காலையில் இரண்டு மணி நேரம் ஆடி, பனியனைக் கழற்றி, ஆளுக்கொரு பித்தளை டம்ளரில் பிழிவார்கள். அதிகம் பிழிந்தவன் தலைவன். ஆறு வருடமாக அது சடையாண்டிதான்.

அன்று காலை திருப்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஏழு புது பனியன்களோடு விற்பனையாளர் ஒருவர் வந்தார். முழுக்கைப் பருத்திச் சட்டை, டை, பளபளக்கும் ஷூ.

"இது புது மாதிரித் துணிங்க. வேர்வையை உடம்புல தங்க விடாது. நூல் உறிஞ்சி வெளிய தள்ளீரும், காத்து கொண்டு போயிருமுங்க. ஏழு பனியனும் சேர்ந்தாக்கூட ஒரு தேங்காய் எடை வராதுங்க."

போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடினார்கள். சடையாண்டி மூன்று பேர் வேலையைச் செய்தான். பிழிந்தார்கள். ஏழு டம்ளரிலும் ஒரு சொட்டு இல்லை.

செயலாளர் ஒச்சையா கூட்டத்தைக் கூட்டினார்.

"வேர்வை எங்கய்யா?"

"காத்துல போயிருச்சுங்க."

"யாரைக் கேட்டுப் போச்சு?"

குழுவின் சிந்தனையாளன் மாயழகு விரலை நக்கி உயர்த்திப் பார்த்தான். "மேக்க இருந்து காத்து வீசுது. தளவாய்குளம் கிழக்க. நம்ம வேர்வை பூரா நேரா அவங்க ஊருக்குத்தேன் போகுது."

"அட பாவிகளா! நம்ம உழைப்பு, அவங்க டம்ளரா?"

உடனே மைதானத்தின் கிழக்கே கொசுவலை கட்டி மறுபடி ஆடினார்கள். வலையில் இரண்டு தட்டான்கள் சிக்கின. அடுத்து, காற்று புகாதபடி பனியனுக்கு மேல் ஆளுக்கொரு கம்பளி போர்த்தி ஆடினார்கள். பனியன்களோ உள்ளதை எல்லாம் கம்பளியிடம் தள்ளிவிட்டன. சடையாண்டியின் கம்பளியைப் பிழிந்தால் முக்கால் டம்ளர்.

"அண்ணே, முக்கால்! நான்தேன் தலைவன்!" என்று சடையாண்டி குதித்தான்.

"இரு மாப்ள," என்றான் மாயழகு. "சிந்துனது கம்பளி. கம்பளிய எப்படித் தலைவனாக்குறது?"

"அது உறுப்பினரே இல்லையே," என்றார் ஒச்சையா வருத்தத்தோடு.

சடையாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்க மாமனார் முன்வரிசையில உக்காந்திருப்பாருண்ணே..." கண்ணீர் டம்ளரில் விழுந்தது.

"டேய், டம்ளரை நகர்த்து. கண்ணீரு கணக்குல சேராது."

வெயில் உச்சிக்கு ஏறியது. காலையிலிருந்து கொசுவலைக்கும் கம்பளிக்கும் நடுவே ஓடி ஓடி, "பனியன் மேல ஒரு தப்பும் இல்லீங்க, ஏனுங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்த விற்பனையாளரை அப்போதுதான் மாயழகு கவனித்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஏழு பேரும் மெதுவாக எழுந்தார்கள்.

"வேண்டாமுங்க... எதுக்குங்க எல்லாரும் கிட்ட வர்றீங்க?"

பிழிந்ததில் சட்டையில் ஒரு டம்ளர். டையில் இன்னொரு கால்.

"உறுப்பினர் இல்லையே," என்றான் சடையாண்டி, கடைசி நம்பிக்கையோடு. கம்பளியால் கையெழுத்துப் போட முடியாது, இவரால் முடியும் என்று சுட்டிக்காட்டி, ஒச்சையா அந்த இடத்திலேயே படிவம் நிரப்பி அவரை உறுப்பினராக்கினார். ஆறு பேர் கைதட்டினார்கள். தீர்மானம் தீர்மானம்தான் என்பதால் ஏழாவதாகச் சடையாண்டியும் தட்டினான்.

மாலை நான்கு மணிக்கு, வழக்கப்படி, இரண்டு ஊர்ச் சாட்சிகளையும் நடுவர் மேடைக்கு அழைத்தார். நம் தரப்பில் ஒச்சையா. தளவாய்குளம் தரப்பில் சடையாண்டியின் மாமனார், புது வேட்டியில். நடுவர் ஒச்சையா கொடுத்த தாளைப் பிரித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், இன்னொரு முறை பார்த்தார். பிறகு சாட்சிகள் காதில் விழும்படி ஒலிபெருக்கியில் வாசித்தார்:

"கூழாங்குளம் அணித் தலைவர், சி. தெய்வசிகாமணி, விற்பனைப் பிரதிநிதி, திருப்பூர்."