முதல் வெடி

தாணு ஆசானுக்கு வயது குறைவு. அவரிடம் தொழில் படிக்க வந்த மாசிலாமணிக்குத்தான் தலை நரைத்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் நரைத்தவரை ஆசான் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். மாசிலாமணி திருத்த மாட்டார். மனுஷன்தானே!

மலையடிவாரத்தில் துப்பாக்கி செப்பனிடும் பட்டறை அது. மற்ற பட்டறைகளில் புதிதாகக் குடைந்த துப்பாக்கியை மரத்தில் கட்டி, தள்ளி நின்று கயிற்றை இழுத்துச் சுடுவார்கள். இங்கே முதல் வெடியை ஆசான் தன் கன்னத்தை வைத்துத்தான் போடுவார். அதற்கு முன்னால் எந்தத் துப்பாக்கியும் வாசல் தாண்டாது.

அன்று மத்தியானம் ஞானாபரணம் மூச்சிரைக்க ஓடி வந்தான். காட்டோரத்தில் மரச்சீனிக் கிழங்கு பயிர் போட்டிருப்பவன். அவனுடைய ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கி பட்டறையில் கிடந்தது. அதில் அவன் சுட்ட சின்னக் குண்டு ஒரு காட்டெருமையின் தோளில் தைத்து, அதை வெறி பிடிக்க வைத்ததுதான் மிச்சம். அதனால் குழலைக் குடைந்து, பெரிய தோட்டா போகிற மாதிரி ஆக்கச் சொல்லியிருந்தான்.

"வேலை முடிஞ்சுதா? அந்தக் காட்டெருமை காவல் மாடத்தைச் சுத்திச் சுத்தி வருது. மேல எம் பெண்டாட்டி இருக்கா. மாடத்தோட ஒரு காலை முட்டிச் சாய்ச்சிட்டுது!"

மாசிலாமணி மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"இதை நீரே முடிச்சிரும்" என்று ஆசான் அவரை நம்பி விட்ட முதல் வேலை அது. குடையும்போது துளைபோடும் தமர் ஓரமாக இழுத்துவிட்டது. குழல் வாயில் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். உள்ளே, தோட்டா உட்காருகிற இடத்தில், ஒரு பக்கம் தகடாக மெலிந்து கிடந்தது. தன்னைவிடச் சின்னவரிடம் போய், கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆசான் கேட்டபோது, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

தாங்கிவிடும், தாங்கிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

"கொண்டு போடே. சீக்கிரம் போ."

உள்ளேயிருந்து ஆசான் வந்தார்.

"முதல் வெடி போடலையே?"

"அவனுக்கு நேரமில்ல ஆசானே."

"ஒரு வெடிக்கு எவ்வளவு நேரமாகும்!"

ஞானாபரணத்தின் கையிலிருந்து வாங்கி, பெரிய தோட்டாவை உள்ளே தள்ளி மூடினார்.

"மரத்துல கட்டிருவோமா?" என்றார் மாசிலாமணி.

"என்னைக்குக் கட்டினோம்?"

"இன்னைக்கு ஒரு நாள்..."

"இவன் அங்க போய் மரத்துல கட்டியா சுடப் போறான்?"

ஆசான் மண்மேட்டைப் பார்த்து நின்றார். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார்.

"சுடுங்க ஆசானே, அவ தனியா இருக்கா," என்று ஞானாபரணம் தவித்தான்.

ஆசானின் விரல் விசைக்குப் போனது. ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த முகத்தையே மாசிலாமணி பார்த்தார்.

"வேண்டாம்! வெடிச்சிரும்! குழல் மெலிஞ்சிருக்கு!"

ஆசான் மெதுவாகத் துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஞானாபரணம்தான் கேட்டான்.

"அப்போ என் கையில கொடுத்தீரே?"

ஞானாபரணம் பாய்ந்து மாசிலாமணியின் சட்டையைப் பிடித்தான்.

"அடப் பாவி! என்னைக் கொல்லப் பாத்தியா?"

ஆசான் குறுக்கே வந்தார். "அடிக்கணும்னா பிறகு அடி. இப்ப அவளை இறக்கணும். போய் ஆளைக் கூட்டு. தீப்பந்தமும் தகரமும் எடுக்கச் சொல்லு."

ஊரே திரண்டு ஏறியது. யாரும் சொல்லாமலே மாசிலாமணி எல்லோருக்கும் முன்னால் போனார். காட்டெருமை தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைக் கிளறி அவரைப் பார்த்தது. ஆனாலும் அவர் தகரத்தை அடிப்பதை நிறுத்தவில்லை. பின்னால் பந்தங்கள் நெருங்க நெருங்க, அது உறுமிக்கொண்டே திரும்பி மலையேறிவிட்டது. ஞானாபரணத்தின் மனைவி அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆசானும் மாசிலாமணியும் பட்டறைக்குத் திரும்பினார்கள். பாதி வழியில் மாசிலாமணி வாய் திறந்தார்.

"ஆசானே, உங்களுக்கு முதல்லயே தெரியும், இல்லியா?"

"என்னது?"

"குழல் மெலிஞ்சது. என் வாயாலயே வரட்டும்னுதானே கன்னத்தை வெச்சீங்க?"

ஆசான் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எப்படிவே தெரியும்? சரியா இருக்குன்னு நீருதானே சொன்னீரு."