காலி வளைகளின் விலை

கருவேலங்காட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்து மண்ணில் தோண்டியிருந்த வளைகளின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. காலையில் ஒரு குவியல் நிலக்கடலைக்குப் போன வளை, சாயங்காலம் இரண்டு குவியலுக்குப் போயிற்று!

துருவி என்ற கீரிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் குட்டிகளுக்கு ஓர் இடம் பார்த்தாக வேண்டும். தரகு பார்க்கும் நரியார் அவளை விடவில்லை.

“இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காதும்மா! எல்லாரும் பள்ளத்துலதான் வாங்குறாங்க!”

“அங்க அப்படி என்னண்ணே இருக்கு?”

நரியார் விழித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. “விலை ஏறுதே, அது போதாதா?”

“விலை ஏன் ஏறுது?”

“எல்லாரும் வாங்குறதால!”

“எல்லாரும் ஏன் வாங்குறாங்க?”

“விலை ஏறுறதால!”

துருவிக்கு மூக்கு அரித்தது. ஏதாவது புரியாவிட்டால் அவளுக்கு அப்படித்தான். நேரே பள்ளத்துக்கு நடந்தாள்.

பள்ளம் முழுக்க வளைகள். மண் மெத்தென்று இருந்தது. முதல் வளையின் வாசலில் நின்று, “உள்ளே யாரு?” என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒரு வாசலில் சிலந்தி வலை பின்னியிருந்தது. இன்னொன்றில் புல் முளைத்திருந்தது. அத்தனை வளைகளில் ஒன்றில்கூட யாரும் குடியில்லை!

அவளுடைய தோழி பஞ்சு என்ற முயல் எதிரே துள்ளி வந்தாள்.

“நான் மூணு வளை வாங்கிட்டேன்டி! நான் குடியிருந்த பாறையடி வளையை அதுக்குக் கொடுத்துட்டேன்.”

“ஐயோ, அந்த நல்ல வளையையா? சரி, இங்க எப்போ குடி வரப்போற?”

“குடியா? இது விக்கிறதுக்கு!”

“வாங்குறவங்க குடி வருவாங்களா?”

பஞ்சுவின் காதுகள் மெல்ல மடிந்தன. “அதை நான் கேக்கலையே...”

துருவி பக்கத்து வளைக்குள் நுழைந்து சுவரைக் கீறினாள். நத்தை ஓடு ஒன்று உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் கீறினாள். மீன் முள்!

“பஞ்சு! இது குளம்டி! நாம பொறக்குறதுக்கு முந்தியே காஞ்சுபோன குளம்!”

ஒருவராவது குடி வந்திருந்தால் முதல் நாளே இதைக் கண்டிருப்பார். யாரும் வரவில்லை, அதனால் யாரும் காணவில்லை.

இருவரும் ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. “கீரி விலையைக் குறைக்கப் பாக்குதுடோய்!”

நரியார் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. “நான் பொறந்ததிலிருந்து இங்க ஒரு சொட்டு தேங்கினதில்ல! சேத்த கடலையெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன். நான் என்ன முட்டாளா?”

துருவி வாதாடவில்லை. மேட்டுக்கு ஏறினாள். அங்கே கரையான்கள் விட்டுப்போன ஒரு புற்று கிடந்தது. அதை யாரும் சீந்தவில்லை. மண் கல்லாக இருந்தது. பஞ்சுவும் கூட நின்று தோண்டினாள். இருவருக்கும் நகம் தேய்ந்ததுதான் மிச்சம் என்று கீழே கேலி பேசினார்கள்.

குட்டிகள் பிறந்த வாரமே, அதுவரை யாரும் கண்டிராத பெருமழை பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் பள்ளம் நிரம்பியது. அத்தனை வளைகளும் தண்ணீருக்குள் போயின. மேலே தவளைகள் கத்தின.

நரியார் நனைந்து ஒடுங்கி மேட்டுக்கு வந்தார். புற்று வாசலில் நின்று, பழக்கதோஷத்தில், “இங்க இப்ப என்ன விலை போகுதும்மா?” என்றார்.

“விலை தெரியாதுண்ணே. உள்ள ஈரம் இல்ல. குட்டிங்க தூங்குது, சத்தம் போடாம வாங்க!” என்றாள் துருவி.

ஒரு வீட்டின் விலை ஏறுமா என்று பார்க்கும் முன், அதில் குடியிருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.