புகைக்கு ஒரு படி

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சு.

சிரிக்காத. ராஜா அப்புறம் வருவாரு. முதல்ல அண்டா. நீ உள்ள உக்காந்தா வெளிய தல தெரியாது, அவ்ளோ பெரிய செப்பு அண்டா. தலகாணிய நேரா வச்சுக்கோ, கழுத்து பிடிச்சுக்கும். ம் கொட்டணும், என்ன? இல்லன்னா பெரியம்மா சுவத்துக்குத்தான் கதை சொல்லிட்டிருப்பேன்.

ம்.

அந்த அண்டா சிட்டம்மாவோடது. சிட்டம்மாவுக்கு நெல்லு அவிக்கிற வேலை. ஊர்ல இருக்கிறவங்க நெல்லு மூட்டைய அவ வாசல்ல இறக்குவாங்க. அவ அதை ஊற வச்சு, அண்டாவுல கொட்டி, அடியில உமியப் போட்டு எரிப்பா. குபுகுபுன்னு புகை கிளம்பும். அண்டா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விடும். நெல்லு லேசா வாயப் பிளந்ததும் இறக்கி, களத்துல காயப் போடுவா. மாசம் பூரா அவிச்சா எட்டுப் படி அரிசி கூலி. அவளும் அவ புருஷன் சடையனும் அதுலதான் சாப்பிடணும்.

அப்போ ஒரு மழைக்காலத்துல அந்த ஊரு ஏரிக்கரை படார்னு உடைஞ்சுது. தண்ணி ஹோன்னு போயிடுச்சு. மண்ணு மூட்டை தூக்கிட்டு ஓடின சடையன் கால் மேல கல்லு உருண்டு, கால் உடைஞ்சுது. கட்டுப் போட்டு வீட்டோட கிடந்தான்.

அப்புறம் ராஜா யோசிச்சாரு. கரையக் கட்டணும். கட்டுறவங்களுக்குக் கூலி அரிசி வேணும். யார்கிட்ட வாங்குறது, எவ்ளோ வாங்குறது? ராஜா கெட்டவரு இல்ல. ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு வேற மாதிரின்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு அவருக்கு ரொம்பக் கவலை. காலையில மாடியில நின்னு பாத்தாரு. வீட்டுக்கு வீடு புகை மேல போகுது. "அட! அடுப்பு எரியாத வீடு உண்டா? புகைய ஒளிச்சு வைக்க முடியுமா?"ன்னாரு. உடனே தண்டோரா. டண்டண டண்டண டண்! "எந்த வீட்டுல எத்தனை புகை வருதோ, பௌர்ணமிக்குப் பௌர்ணமி புகைக்கு ஒரு படி அரிசி! பண்ணையாருக்கும் ஒரு படி, பரதேசிக்கும் ஒரு படி, ராஜாவுக்கும் ஒரு படி!"

ஊரே கை தட்டுச்சு. சிட்டம்மாவும் தட்டினா.

"சரிதானே பெரியம்மா? எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

கேக்க நல்லாத்தான் இருக்கு. மேல கேளு.

கோபுரத்து மேல வேம்புன்னு ஒருத்தன உக்கார வச்சாங்க, புகைய எண்ண. பௌர்ணமி அன்னைக்கு அவன் ஓலையும் கையுமா சிட்டம்மா வாசலுக்கு வந்தான்.

"சிட்டம்மாக்கா, உனக்கு ரெண்டு படி."

"ரெண்டா? எப்படிடா ரெண்டு? நாங்களே ரெண்டு பேருதான் இருக்கோம்!"

"நான் ஆளையா எண்ணுறேன்? உள்ள சோத்து அடுப்பு ஒரு புகை. வெளிய அண்டா அடுப்பு ஒரு புகை. ஆக ரெண்டு."

"அண்டாவுல வேகுறது பண்ணையார் நெல்லுடா!"

"நெல்லு அவரோடது. புகை உன்னோடது."

"சரி, பண்ணையார் வீட்டுக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணா! அந்த வீட்டுல ஏழு அடுப்பு எரியுதே!"

வேம்பு தலையச் சொறிஞ்சான். "ஏழு அடுப்புக்கும் சேத்து உசரமா ஒரே ஒரு புகைக்கூண்டு கட்டிட்டாருக்கா. மேலேருந்து பாத்தா ஒண்ணுதான் தெரியுது."

ரெண்டு படி குடுத்தா. மிச்சம் ஆறு. அது இருபது நாளைக்கு வந்துச்சு. அப்புறம் பத்து நாள்? தண்ணியக் குடிச்சுட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி, "எனக்குப் பசிக்கல, உனக்கு?"ன்னு கேட்டுக்கிட்டாங்க. தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் சிட்டம்மா ஒரு காரியம் பண்ணினா. வீட்டுக்குள்ள இருந்த சோத்து அடுப்ப அணைச்சுட்டா. நெல்லு அவிக்கிறப்போ அதே அடுப்பு ஓரத்துல ஒரு சின்னச் சட்டிய வச்சு கஞ்சி காய்ச்சிக்கிட்டா. இப்போ ஒரே புகை!

சடையன் ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏ புள்ள, கஞ்சியில உமி வாசம் தூக்குது. நான் ஆளா, மாடா?"ன்னான்.

"மாடா இருந்தா வண்டியாவது இழுத்திருப்ப. பேசாம குடி."

அடுத்த பௌர்ணமிக்கு ஒரு படியோட போச்சு. ஆனா பாரு, அவளுக்குத் தோணினதே ஊர்ல எல்லாருக்கும் தோணிடுச்சு. அண்ணன் தம்பி வீடெல்லாம் ஒரே அடுப்புக்கு வந்துட்டாங்க. புகை பாதியாக் குறைஞ்சுது. அரிசியும் பாதியாக் குறைஞ்சுது. கரை பாதியில நின்னுடுச்சு. ராஜா என்ன பண்ணினாரு? டண்டண டண்டண டண்! "இனிமே புகைக்கு ரெண்டு படி!"

அப்போ மறுபடியும் ரெண்டுதான். அதுல வேற இப்போ வீட்டு அடுப்பும் போச்சு.

அப்புறம் சிட்டம்மா பண்ணையார் வீட்டுக்கு நடந்தா. பண்ணையார் ஊஞ்சல்ல உக்காந்து வெத்தல போட்டுட்டிருந்தாரு. கிரீச், கிரீச்.

"ஐயா, அண்டாவுல வேகுறது முக்காவாசி உங்க நெல்லு. அந்தப் புகைக்கு உண்டானத நீங்க குடுத்தீங்கன்னா..."

"புகை யாரு வாசல்ல வருது?"

"எங்க வாசல்லதான்."

"அப்புறம் என்ன? நான் எனக்கு உண்டானதக் குடுக்கிறேன். ராஜா எவ்ளோ குடுக்கிறாரோ நானும் அவ்ளோ குடுக்கிறேன். நீயும் குடு. உனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" கிரீச். "முடியலன்னா சொல்லு, பக்கத்து ஊர்ல அவிச்சுக்கிறேன்."

அவ திரும்பி வந்துட்டா. வேற என்ன பண்ணுவா? அந்த நெல்லும் வரலன்னா அண்டாவுல எதப் போடுறது?

அதுக்கு அடுத்த பௌர்ணமி குடுக்க அவகிட்ட அரிசி இல்ல. வேம்பு மூணு ஆளோட வந்தான். பாவம், அவனுக்கே முகம் செத்துப்போச்சு. "அக்கா, மூணு நாள் தவணை. அதுக்குள்ள கட்டலன்னா அண்டாவத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

அண்டா போனா வேலை போச்சு. வேலை போனா கஞ்சி போச்சு. சடையன் கால் சேர்ற வரைக்கும் அந்த வீட்டுக்கு அந்த அண்டாதான் எல்லாம். சிட்டம்மா அன்னைக்கு அண்டாவச் சாம்பல் போட்டுத் தேச்சா தேச்சா, தேச்சுக்கிட்டே இருந்தா. தேய்க்கத் தேய்க்க கண்ணுலேருந்து சொட்டு சொட்டா விழுது.

"ராஜாகிட்டயே போ"ன்னான் சடையன். "தினமும் கொதிக்கிற அண்டாகிட்ட நிக்கிறவள ராஜா சபை என்ன சுட்டுடவா போகுது?"

போனா. சபை நடுவுல நின்னு, புகை, படி, அண்டா எல்லாத்தையும் சொன்னா. ராஜா பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "அம்மா, நானே ஒரு புகைக்கு உண்டானதக் கட்டுறேன். எனக்கும் உனக்கும் ஒண்ணுன்னு வச்சுட்டேன். இதுக்கு மேல என்ன நியாயம் பண்ணுவேன்?"ன்னாரு. அவருக்கு நிசமாவே புரியல.

சிட்டம்மாவுக்குப் பெருசாப் பேசத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பானையும் படியும்தான். அதனால, "ராஜா, உங்களுக்கு உண்டானத எடுத்துக்குங்க. நான் வேணாங்கல. ஆனா இந்த ஒரு தடவை நான் கொண்டாந்து தரல. நீங்களே வந்து உங்க கையால அள்ளிக்குங்க. எங்க வீட்டுல மட்டும் இல்ல, எல்லார் வீட்டுலயும்"னா.

சபையில எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ராஜா சிரிக்கல. "ஏன், அள்ளினா என்ன? எனக்கு எல்லா வீடும் ஒண்ணுதான். வர்றேன்"னுட்டாரு.

அப்புறம் ராஜா படிய எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு, கூடவே சிட்டம்மாவும். மொத வீடு, சிட்டம்மா வீடு. அரிசிப் பானைக்குள்ள படிய விட்டாரு. கரக்! அடியில இடிச்சுது. இன்னொரு தடவை. கரக், கரக்! படிய வெளிய எடுத்தா, ஒரு பிடி அரிசி அடியில உருளுது.

திண்டாட்டத்துலயும் சடையனுக்கு வாய் சும்மா இருக்காது. படுத்தபடியே, "பாத்து சுரண்டுங்க ராஜா, பானை பழசு"ன்னான்.

ராஜா அந்த ஒரு பிடிய மறுபடியும் பானையிலயே போட்டுட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாரு. அது செக்கு ஓட்டுற எண்ணெய்க்காரர் வீடு. அங்க அரிசி கொட்டி வைக்கிற மண்ணுக் குதிர். இப்போ ராஜா படிய விடல, வெறுங்கைய விட்டாரு. சரசரன்னு முழங்கை வரைக்கும் போச்சு, அப்புறம் அடி தட்டுச்சு. ரெண்டு படி எடுத்தாரு. எடுத்த இடத்துல குழி விழுந்துச்சு. எண்ணெய்க்காரர் பொண்டாட்டி அந்தக் குழியவே பாத்துட்டு நின்னா.

மூணாவது, பண்ணையார் வீடு. அங்க பத்தாயம். பத்தாயம்னா தெரியுமா? மரத்துல செஞ்ச நெல்லுப் பெட்டி, இந்த ரூம் அளவு இருக்கும். ஏணி வச்சுத்தான் ஏறணும். ராஜா ஏறினாரு. மேல் பலகையத் தள்ளிட்டுக் கைய விட்டாரு. முழங்கை போச்சு. தோள் போச்சு. அடி தட்டல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சாரு, இன்னும் கொஞ்சம்...

தொபுக்கடீர்!

ராஜா உள்ள விழுந்துட்டாரு! கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இடுப்பு வரைக்கும் நெல்லு. ஏற ஏற சறுக்குது, சர்ர்ர், சர்ர்ர். "யாராவது பிடிங்கய்யா!"ன்னு கத்துறாரு. மெதுவாச் சிரி, பக்கத்து வீட்டுல தூங்குறாங்க. நாலு பேரு கயிறு போட்டு இழுத்தாங்க. ராஜா வெளிய வந்து, மீசையில ஒட்டின நெல்லத் தட்டிட்டு, பத்தாயத்த எட்டிப் பாத்தாரு. ஒரு ஆளே உள்ள கிடந்து புரண்டிருக்காரு, குழி மூடி சமமாக் கிடக்கு. ரெண்டு படி எடுத்தா அதுக்குத் தெரியவே தெரியாது.

அங்கயே ஏணிப்படியில உக்காந்துட்டாரு. அப்புறம், "சிட்டம்மா, இத்தனை நாளா எடுத்தத மட்டும் அளந்தேன். மிச்சத்த அளக்கலையே"ன்னாரு.

பண்ணையார் ஓடி வந்து பத்தாயத்துக்குக் குறுக்க நின்னாரு. "ராஜா, இது நான் பாடுபட்டுச் சேத்தது!"

சிட்டம்மா பயந்துக்கிட்டேதான் சொன்னா. "இல்லன்னு சொல்லல ஐயா. நீங்க பாடுபட்டதுதான். ஆனா ஏரித் தண்ணி மொதல்ல எங்க பாயுது? உங்க நூறு காணி நிலத்துக்கு. எங்க வீட்டுக்கு வர்றது ஒரு குடம்."

பண்ணையார் ஊஞ்சலப் பாத்தாரு, வானத்தப் பாத்தாரு.

மறுநாள் டண்டண டண்டண டண்! "இனிமே புகைய எண்ண மாட்டோம்! பானைக்குள்ள கைய விட்டுப் பாப்போம். முழங்கை எட்டலன்னா வரி இல்ல. முழங்கை எட்டினா ஒரு படி. தோள் முங்கியும் அடி தட்டலன்னா, பத்து மூட்டை!"

"ராஜா வீட்டுல?"

அட, முழிச்சுட்டுத்தான் இருக்கியா! ராஜாவும் தன் களஞ்சியத்துல கைய விட்டாரு. தோள் முங்கிடுச்சு. அவரும் மூட்டையத்தான் இறக்கினாரு. வேம்பே போய்ப் பாத்து எழுதிக்கிட்டான்.

அண்டா தப்பிச்சுது. ஆனா உடனே எல்லாம் சரியாகிடல. பண்ணையாருக்குக் கோவம். சொன்ன மாதிரியே நெல்ல பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டாரு. சிட்டம்மா வாசல்ல அண்டா காலியாக் கிடந்துச்சு. ரெண்டு மாசம் அக்கம்பக்கத்துக்கு ஒரு மரக்கா, ரெண்டு மரக்கா நெல்லுன்னு கொஞ்சம் கொஞ்சமா அவிச்சுத்தான் பொழப்பு ஓடுச்சு. ஒவ்வொரு நாளும், நாம வாய மூடிட்டு இருந்திருக்கலாமோன்னு அவளுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். எனக்கே அடிச்சுக்கும்னா பாத்துக்கோயேன்.

ம்...

அப்புறம் மூட்டை மூட்டையா அரிசி வந்ததால கரை வேலை மளமளன்னு முடிஞ்சுது. ஏரி நிறைஞ்சுது. கடைசி மடை வரைக்கும் தண்ணி போச்சு. அரைக்காணி, கால்காணி வச்சிருந்தவங்க எல்லாரும் பயிர் வச்சாங்க. அறுத்தாங்க. அப்போ அந்த நெல்ல எங்க அவிக்கிறது? சிட்டம்மா வாசல்ல வரிசை! அண்டா ராத்திரி பகலா புஸ்ஸு புஸ்ஸுன்னுது. சடையன் கம்பு ஊன்றி வந்து உமி தள்ளினான். கடைசியில ஒருநாள் பண்ணையார் வண்டியும் வந்து நின்னுச்சு. பக்கத்து ஊர்ல நெல்லக் குழைய விட்டுட்டாங்களாம். அவரு சிட்டம்மா முகத்தப் பாக்கல. "இருபது மூட்டை"ன்னு மட்டும் சொன்னாரு. "இறக்குங்க ஐயா"ன்னா அவ.

அடுத்த வருசம் ஒரு பௌர்ணமிக்கு வேம்பு வந்தான். பானைக்குள்ள கைய விட்டான். மணிக்கட்டு போச்சு. இன்னும் போச்சு. சிட்டம்மா மூச்சப் பிடிச்சுட்டு நிக்கிறா. சரசர, சரசர. வேம்பு தலைய நிமித்தி அவளப் பாத்து ஈன்னு இளிச்சான்.

"முழங்கை எட்டிடுச்சுக்கா!"

"நல்லாப் பாருடா. கைய மடக்கி வச்சிருக்கியா?"

"நேராத்தான்கா இருக்கு!"

சடையன் உள்ளேருந்து, "அவன் கை குட்டைக் கை, நம்பாத!"ன்னு கத்தினான்.

சிட்டம்மா படிய எடுத்தா. தலை தட்டாம, கோபுரமா குவிச்சு ஒரு படி அள்ளினா. வேம்பு பையில கொட்டினா, சொரசொரன்னு விழுந்துச்சு. ஊருக்குன்னு அவ சந்தோசமா அள்ளிக் குடுத்த மொதப் படி அதுதான். குடுத்துட்டு பானையத் திரும்பிப் பாத்தா, சோத்துக்கு இன்னும் இருந்துச்சு.

என்ன, ம் சத்தத்தக் காணோம்? சரி, சரி. கதை வீடு போய்ச் சேந்துடுச்சு. நீயும் தூங்குடா தங்கம்.