முட்டைக்குக் காவல்

மழைக்காலம் முழுக்க மலைமேல் ஒரே இடத்தில் தங்கியிருந்தார் சமணப் பெண்துறவி விபுலமதி மாதாஜி. அவருக்குத் தண்ணீர் வடிகட்டித் தரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் தரணேந்திரன். மாதாஜியைவிட வயதில் மூத்த சீடர். வரப்புச் சண்டையில் ஓர் ஆளைக் கொன்று, சிறைக்குப் போய்த் திரும்பியவர்.

சுனைத் தண்ணீரைத் துணியில் வடிப்பார். துணியில் தங்கிய சிற்றுயிர்களை மறுபடி அதே சுனையில் அலசி விடுவார். ஒரு புழுகூடத் தன்னால் சாகக் கூடாது என்று மனிதருக்கு அப்படியொரு பதைப்பு.

அன்று அடிவாரத்தில் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து காத்திருந்தாள். அப்பா பேரனை ஒரு தடவை தூக்கிக் கொஞ்ச வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நான் போகல மாதாஜி. இந்தக் கையால அந்தப் பிள்ளையத் தொடுறதா?"

மாதாஜி சுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோரைத் தண்டின் அடியில் ஒரு நீர்ப்பூச்சி. விரல் நீளம், சருகு நிறம். வால் நுனியை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கியபடி அசையாமல் கிடந்தது. ஒரு தவளை நீந்தி வந்தது. கண் இமைப்பதற்குள் பூச்சியின் முன்னங்கால்கள் அதைக் கவ்விவிட்டன. ஊசி போன்ற வாய் உள்ளே இறங்கியது. தன்னைவிடப் பெரிய தவளையை அது நிதானமாக உறிஞ்சியது.



"கொலைகாரப் பூச்சி! தூக்கி வெளிய போட்டுடறேன்" என்று தரணேந்திரன் தண்டைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"விடுங்க. மேல பாருங்க."

தண்டில், நீர்மட்டத்துக்கு மேலே, அரிசி அரிசியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. வெயில் அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பூச்சி தவளையை விட்டுவிட்டுத் தண்டில் ஏறியது. நீர் சொட்டச் சொட்ட முட்டைகளின் மேல் கவிந்து படுத்தது. என்ன ஒரு பக்குவம்! ஒரு முட்டைகூட நசுங்கவில்லை. பிறகு இறங்கி, நனைந்து, மறுபடி ஏறியது.

"தாயா மாதாஜி?"

"தாய் முட்டையிட்டுட்டுப் போயிடுச்சு. இது தகப்பன். இது நனைக்கலைன்னா அத்தனையும் காஞ்சு போயிடும்."

 தரணேந்திரனின் பார்வை அந்த முன்னங்கால்களை விட்டு நகரவில்லை. அவை தண்டை அணைத்துப் பிடித்திருந்தன.

"தவளையக் கொன்னது இதே காலாலதானே மாதாஜி?"

"ஆமா. அதுக்கு வேற கால் ஏது?"