வெளியே படுக்கும் இருவாச்சி

அந்தக் காலத்தில், பறவைக்கும் அணிலுக்கும் குரங்குக்கும் ஒரே பேச்சு புழங்கிய நாளில், ஆனைமலைக் காட்டில் காரி என்று ஓர் ஆண் இருவாச்சி இருந்தான். கொடுவாள் போல வளைந்த மஞ்சள் மூக்கு. அதன் மேலே தொப்பி கவிழ்த்தது போல இன்னொரு மூக்கு. அவன் பறந்தால் கீழே மேய்கிற மான்கூட அண்ணாந்து பார்க்கும். ஆனால் அவனுக்கு அதிலெல்லாம் பெருமையில்லை. அவன் பெருமையெல்லாம் அவன் பெண்சாதி நாச்சிதான்.

இருவரும் ஒரு கிழட்டு வேங்கை மரத்தின் பொந்தில் குடியிருந்தார்கள். அப்போதெல்லாம் இருவாச்சிக் கூட்டின் வாசல் திறந்தே கிடக்கும். பொழுது சாய்ந்ததும் நாச்சி உள்பக்கம் படுப்பாள். காரி அவளை ஒட்டிப் படுப்பான். எந்த அத்தி பழுத்திருக்கிறது, யார் வீட்டில் சண்டை என்று பேசிப் பேசியே தூங்கிப்போவார்கள்.

பிறகு ஒரு குஞ்சு பிறந்தது. பெண் குஞ்சு. சின்னி என்று பேர் வைத்தார்கள்.

முட்டைக்குள் இருந்தவரை காரிக்கும் அதன்மேல் கொள்ளை ஆசைதான். வெளியே வந்த பிறகுதான் சங்கடம். சின்னி இரண்டு பேருக்கும் நடுவில் படுத்தாள். தூக்கத்தில் உருண்டாள், உதைத்தாள், அப்பனின் விலாவில் மூக்கால் குத்தினாள். காரி நகர்ந்து நகர்ந்து பொந்தின் விளிம்புக்கு வந்துவிட்டான். தூறல் விழும் நாளில் அவன் வால் முழுக்க வெளியே நனைந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது வேறு. "நாச்சி, இன்னைக்கு ஓடைப் பக்கம் ஒரு கூத்து நடந்துச்சு" என்று அவன் ஆரம்பித்தால், "உஷ்! இப்பத்தானுங்க கண்ண மூடுறா" என்பாள் நாச்சி. கூத்து அவன் வயிற்றுக்குள்ளேயே செரித்துப்போகும். நாச்சிக்கென்று நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்துத் தொண்டையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவருவான். அவள் அதை வாங்கி, ருசிகூடப் பார்க்காமல், அவன் கண் முன்னாலேயே சின்னியின் வாயில் வைப்பாள். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டாள். குஞ்சைப் பார்த்துச் சிரிப்பாள்.

கை அகலம்கூட இல்லாத குஞ்சின்மேல் தனக்குப் பொறாமை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அதற்கு வேறு பேர் வைத்துக்கொண்டான். பிள்ளை கெட்டுப்போகிறது, பயந்தாங்கொள்ளியாக வளர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு நாள் ஆலமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்த கருமந்தியிடம் கேட்டான். "உங்க வீட்டுல குட்டி எங்கப்பா தூங்குது?"

"அதோட அம்மா வயித்த விட்டு எறங்கவே எறங்காது" என்றான் மந்தி.

"அப்ப நீ?"

"நான் அடுத்த கெளையில. ரெண்டு பேரும் தெரியுறாங்கல்ல, அது போதும்."

அந்தப் பதில் காரிக்குப் பிடிக்கவில்லை. மலையணிலிடம் போனான். "எங்களுக்கு மரத்துக்கு மரம் கூடு இருக்குது. ஆளுக்கு ஒண்ணுல சுருண்டுக்குவோம்" என்றது மலையணில். "ஒட்டிப் படுத்தே வளந்த புள்ளைக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?"

காரி தேடிக்கொண்டு போனது இந்தப் பதிலைத்தான். பறந்து வந்து நாச்சியிடம் சொன்னான். "பக்கத்து மரத்துல ஒரு சின்னப் பொந்து சும்மா கெடக்குது. இனிமேல் அவ அங்க படுக்கட்டும்."

நாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் எறகே மொளைக்கலையேங்க."

"பழகினா எல்லாம் சரியாப் போகும். அணில் குட்டியெல்லாம் தனியாத்தான் தூங்குதாம்."

"அணிலுக்குக் குஞ்சு பொரிக்குற வரைக்கும் அடைகாத்த வலி தெரியுமா? எறகு வரட்டும். அவளாவே போவா" என்றாள் நாச்சி. அதோடு பேச்சு முடிந்தது. அவளுக்கு முடிந்தது, காரிக்கு முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாச்சி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனாள். காரி சின்னியை மெல்ல மூக்கால் கவ்வித் தூக்கினான். பக்கத்து மரத்துப் பொந்தில் கொண்டுபோய் வைத்தான்.

"அம்மா எங்க?" என்றாள் சின்னி.

"அம்மாதான் உன்னை இங்க தூங்கச் சொன்னா" என்றான் காரி.

திரும்பி வந்து உள்பக்கம் தாராளமாக உட்கார்ந்தான். சிறகை விரித்துப் பார்த்தான். எவ்வளவு இடம்! இருட்டுக் கட்டுகிற நேரத்தில் நாச்சி வந்தாள். பொந்துக்குள் பார்த்தாள்.

"புள்ள எங்க?"

"அங்க நல்லாத் தூங்குறா. நீ வந்து உக்காரு, ஒரு சங்கதி சொல்றேன்."

அவன் சங்கதியைத் தொடங்குவதற்குள் பக்கத்து மரத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. நாச்சி அம்பு மாதிரிப் பாய்ந்தாள். காரியோ ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தான். இந்நேரம்கூட இவள் என்னோடு உட்கார மாட்டாளா என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. இரண்டாவது அலறல் கேட்ட பிறகுதான் அவனும் பறந்தான்.

ஒரு மரநாய் சின்னியின் காலைக் கவ்வி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. நாச்சி அதன் தலையிலேயே கொத்தினாள். காரி சிறகால் அறைந்தான். மரநாய் பிடியை விட்டுவிட்டுக் கிளை கிளையாய்த் தாவி ஓடியது. சின்னியின் காலில் ரத்தம் வழிந்தது. உயிர் இருந்தது.

நடுங்கிக்கொண்டே அவள் கேட்டாள். "நீதான் என்னை இங்க தூங்கச் சொன்னியாம்மா? அப்பா சொன்னாரு."

நாச்சி காரியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை தானாகக் குனிந்தது. நாச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேங்கைப் பொந்துக்குப் போனாள். குளிரில் விறைத்த குஞ்சுக்காகத் தன் சிறகிலிருந்த நீண்ட இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மெத்தை போட்டாள். இனி அவளால் பறக்க முடியாது. பிறகு பொந்துக்குள் கிடந்த மண்ணையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூச ஆரம்பித்தாள்.

"நான் உள்ள வரவேண்டாமா?" என்றான் காரி.

"வேண்டாமுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவளுக்கு எறகு வர்ற வரைக்கும்."

விடியும்போது ஒரு கீறல் மட்டும் மிச்சமிருந்தது. மூக்கு நுனி மட்டும் நுழையும் கீறல்.

காரி எதிர்க்கிளையில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்தான். உள்ளே நாச்சி குஞ்சோடு கொஞ்சிப் பேசுவது கேட்டது. அவனுக்கு வயிறு எரிந்தது. சுவரை உடைத்துவிடலாம் என்று கிட்டே போய் மூக்கை ஓங்கினான். அப்போது உள்ளிருந்து சின்னியின் குரல் வந்தது. "அம்மா, பசிக்குது."

நாச்சியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவளுக்கும் பசிதான். காரிக்கு அது புரிந்தது. ஓங்கிய மூக்கை இறக்கிவிட்டுப் பறந்துபோனான். தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு வந்து கீறல் வழியே ஒவ்வொன்றாய் நீட்டினான். உள்ளே ஒரு மூக்கு வாங்கியது. குஞ்சுக்குத்தான் முதலில் போகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி பறந்தான். மறுபடி மறுபடி பறந்தான். பொறாமை ஒரேயடியாகப் போய்விடவில்லை. போகவரப் பறந்த அலுப்பில் அதை நினைக்கத்தான் நேரமில்லை.

ஒருநாள் அந்த மரநாய் வந்தது. சுவரை மோந்தது, சுரண்டிப் பார்த்தது, முடியாமல் இறங்கிப் போனது. காரி அதைத் துரத்திவிட்டு வந்து தன் கிளையில் உட்கார்ந்தான். நல்லவேளை, அன்றைக்குச் சுவரை உடைக்காமல் விட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால் சுவர் உள்ளிருந்து உடைந்தது. இளைத்துப்போன நாச்சி வெளியே வந்தாள். புது இறகு முளைத்திருந்தது. பின்னாலேயே சின்னி வந்தாள், லேசாக நொண்டிக்கொண்டு. சிறகடித்துப் பார்த்தாள். பறந்தாள். அன்று பொழுது சாய்ந்தபோது அவளாகவே தனிக் கிளை தேடிப் போனாள்.

அடுத்த வருஷம் முட்டையிடும் காலம் வந்தது. நாச்சி பொந்துக்குள் போய் நின்றுகொண்டு சொன்னாள். "ஈரமண்ணு கொண்டாங்க."

"என்னையே வெளிய நிறுத்துறதுக்கு நானே மண்ணு சுமக்கணுமா?" என்றான் காரி.

"நீங்க கொண்டாந்து குடுத்தாத்தான் பூசுவேன். இல்லேன்னா வாசல் தெறந்தே கெடக்கட்டும்."

காரி பக்கத்து மரத்துப் பொந்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடைக்கரைக்குப் பறந்துபோய் மூக்கு கொள்ளுமட்டும் ஈரமண்ணை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான்.

அன்று முதல்தான், இருவாச்சிப் பெண் முட்டையிடப் பொந்துக்குள் புகுந்ததும் இறகை உதிர்த்துவிட்டு வாசலை அடைத்துக்கொள்கிறாள். அந்த அடைப்புக்கு மண் சுமந்து கொடுத்துவிட்டு, ஆண் வெளியே தனியாகப் படுக்கிறான்.