கருவாச்சிக்கு மட்டும் கட்டி வரல

"ஏனுங் அம்மணி, காப்பாத்தறேன்னு சொல்லிப்போட்டு எல்லாக் கோழிக்கும் அம்மைய ஏத்தி விட்டுட்டீங்களே!"

அங்கண்ணன் வந்த வேகத்துல சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடல. அது சாஞ்சு ஆஸ்பத்திரி வேலியில விழுந்துச்சு. அந்த வேலியும் லேசுப்பட்டதில்ல, போன மாசம் ஒருத்தரு வேட்டி அதுல மாட்டி... அது கெடக்கட்டும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரெஜினா ஊருக்கு வந்து ஒரு வருஷந்தான். அங்கண்ணனுக்கு மக வயசு. ஆனாலும் "கோழி விஷயத்துல நீங்கதான் எனக்குக் குரு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு.

போன வருஷம் அம்மை வந்து, கொண்டை, கண்ணெல்லாம் கொப்புளமாகி இருபது கோழி செத்துப்போச்சு. இந்தத் தடவையும் போனா இனிமே வீட்ல கோழியே கெடையாதுன்னுட்டாங்க அவரு சம்சாரம்.

அதனாலதான் பத்து நாளைக்கு முன்னாடி எல்லாத்துக்கும் றெக்கையில தடுப்பூசி போட்டாங்க டாக்டர். இப்பப் பாத்தா கட்டி கட்டியா வந்திருக்குது.

"கட்டி எங்கய்யா இருக்குது?" டாக்டர் கேட்டாங்க.

"குத்துன எடத்துலதானுங்க. பட்டாணியாட்டம்."

"மூஞ்சியில?"

"இல்லீங்க."

"தீனி எடுக்குதா?"

"விட்டா என்னையே தின்னு போடும்."

டாக்டர் சிரிச்சாங்க.

"சிரிக்காதீங்க அம்மணி. இவ ஒருத்திதான் தப்பிச்சா."

கூடையத் தொறந்தாரு. உள்ள கருவாச்சி. டவுன் பஸ்ல ஏறிப் போயி, கடைசி சீட்டுல முட்டை வெச்சுட்டு, அதே பஸ்ல திரும்பி வந்த கோழி. அதச் சொன்னா பொழுது போயிரும்.

"வலிக்குமேன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியாம இவளக் கூடையில கவுத்து வெச்சுட்டேன். பாருங்க றெக்கைய, எவ்வளவு சுத்தமா இருக்குது!"

டாக்டர் றெக்கையப் பாக்கல. அவரு சட்டைக் கையச் சுருட்டி மேல ஏத்துனாங்க.

தோளுக்குக் கீழ வட்டமா ஒரு தழும்பு.

"இது என்னங்கய்யா?"

"அதுங்களா? சின்னதுல அம்மை குத்துனது. வீங்கிப் பழுத்து, ஒரு வாரம் கையத் தூக்க முடியல. குத்துனவன எங்கம்மா வையாத வசவில்ல."

"அப்புறம் அம்மை வந்துச்சா?"

"எனக்கு எப்படிங்க வரும்? எனக்குத்தான் குத்திக் கட்டி வந்து..."

கூடைக்குள்ள பாத்தாரு. கருவாச்சி சுகமா சோளம் கொத்திக்கிட்டு இருந்தா.

"அம்மணி..." கொரலு எறங்கிப் போச்சு. "ஊசி இருக்குதுங்களா? றெக்கைய நானே பிடிச்சுக்கறேன்."